நீங்கள் கேட்ட அட்டை

ஆரணி
18 நவம்பர் 2024

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. நான் உங்கள் தம்பி வேணுகோபாலின் சின்ன மகள், அபிதகுசாம்பாள். பள்ளியில் அபிதா. ப்ளஸ் டூ படிக்கிறேன்.

உங்கள் முகவரி எனக்குக் குப்பைக் கூடையில் கிடைத்தது. ஒவ்வொரு தீபாவளிக்கும் நீங்கள் போடுகிற கார்டை அப்பா படிக்காமலே நாலாகக் கிழித்துவிடுவார். இந்த முறை துண்டுகளைப் பொறுக்கி ஒட்டிப் பார்த்தேன். "என் ரெக்கார்டுகளைக் கொடுத்தனுப்பு" என்று ஒரே வரி.

அந்த ரெக்கார்டுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். மாடியில் தகரப் பெட்டியில் அட்டை உறையோடு நாற்பத்தொரு பாட்டுத் தட்டுகள் இருக்கின்றன. போன வாரம் தறிக்கு மேல் ஜக்கார்டில் பூவேலைக்காக ஓட்டை குத்திக் கோத்திருக்கிற டிசைன் அட்டைகளில் நாலு கிழிந்துவிட்டது. நம் தறியில் நெய்கிற சக்கரவர்த்தி அண்ணன் மாடிக்குப் போய் ஒரு ரெக்கார்டு அட்டையை எடுத்து வந்து, நீளமாக வெட்டி, ஓட்டை குத்திக் கோத்துவிட்டார். "இன்னா கெட்டி பாரு பாப்பா, வெள்ளக்காரன் அட்டை அட்டைதான்" என்று சிரித்தார். தறி ஓடும்போது மேலே ஒரு தாடிக்காரனின் அரை முகம் வந்து வந்து போகிறது. அப்பா ஏறிட்டுப் பார்த்துவிட்டுத் தன் வேலைக்குப் போய்விட்டார். மீதியும் போய்விடும் என்று பயமாக இருந்தது. பெட்டியை என் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. இதை எழுதலாமா என்று தெரியவில்லை. பரீட்சை முடிந்ததும் எனக்குக் கல்யாணம் என்கிறார்கள். மாப்பிள்ளை போளூர், பெயர் கிரண், பவர்லூம் வைத்திருக்கிறார். எனக்குக் கல்லூரிக்குப் போக வேண்டும். இந்த வீட்டில் அப்பாவை எதிர்த்துப் பேசிய ஆள் நீங்கள் ஒருவர்தான் என்று அம்மா ஒருமுறை சொன்னாள். நீங்கள் வந்து ஒரு வார்த்தை பேசினால் நடக்குமோ என்று தோன்றியது.

என் போனை வாங்கி வைத்துவிட்டார்கள். பதில் எழுதினால் என் தோழி சங்கீதாவின் முகவரிக்கு எழுதுங்கள், பின்பக்கம் இருக்கிறது. எல்லாரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன். அப்பா இருமுகிறார். நிறுத்துகிறேன்.

அபிதா

*

பெங்களூரு
27 நவம்பர் 2024

அம்மாடி அபிதா,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். முதலில் இதைச் சொல்: வெட்டியது எந்த ரெக்கார்டு? தாடிக்காரன் என்றால் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவன் கம்பளி போர்த்தி மாட்டு வண்டியில் உட்கார்ந்திருப்பான். அவன் போனால் போகட்டும். இன்னொருவன் பல்லில் சாவியைக் கடித்துக்கொண்டிருப்பான். அவன் என் கணக்கில் ஏழாமிடம்.

பெட்டியைப் படுக்க வைத்திருந்தால் உடனே நிமிர்த்து. ரெக்கார்டு நிற்க வேண்டும். படுத்தால் ஒன்றின் பாரம் ஒன்றின் மேல் ஏறி வளைந்துவிடும்.

எழுபத்து நாலிலிருந்து எழுபத்தொன்பது வரைக்கும் மெட்ராஸ் கடைகளுக்குப் புடவை கொண்டுபோகிற வேலை என்னுடையது. மூட்டையை இறக்கிவிட்டு நேராக மூர் மார்க்கெட். கப்பல்காரர்கள் விற்றுவிட்டுப் போன ரெக்கார்டுகள் அங்கே வரும். எனக்கு அந்த இங்கிலீஷ் புரியாது, பேரும் வாயில் நுழையாது. அட்டையில் என்ன படம் இருக்கிறதோ அதுதான் பேர். அப்படித்தான் பத்து இடம் போட்டு வைத்திருந்தேன்.

பத்தாவது, மூன்று நாற்காலி. டான்ஸ் பாட்டு, வேறு ஒன்றுமில்லை, ஆனால் கால் சும்மா இருக்காது. ஐந்தாவது, ஏணி ஏறும் மீன். கிட்டார்காரன் ஓர் இடத்தில் ஒரே சுரத்தை இழுத்து நிறுத்துவான், இழை அறுந்துவிடுமோ என்று நமக்கு மூச்சு நிற்கும். இரண்டாவது, துணி துவைக்கிறவள். பியானோவும் அவள் குரலும் மட்டும். கடைசிப் பாட்டில் அவள் இருமுவது கேட்கும். அதை எடுக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். அந்த இருமலுக்காகவே இரண்டாமிடம்.

முதலிடம் பச்சைக் கதவு. கடற்கரையில் சுவரில்லாமல் தனியாக ஒரு கதவு நிற்கும், பார்த்திருப்பாய். இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே பாட்டு, பத்தொன்பது நிமிஷம். நடுவில் எல்லா வாத்தியமும் நின்றுவிடும். முடிந்துவிட்டது என்று ஊசியை எடுக்கக் கை நீட்டுவோம். அப்போது அடியிலிருந்து மெதுவாக டிரம் எழும்பும், நாலைந்து தறி தூரத்தில் ஓடுகிற மாதிரி. அதற்கு மேல் ஒரு ரெக்கார்டை உலகத்தில் யாரும் போடவில்லை என்று நான் சண்டை போட்டிருக்கிறேன்.

அதை மட்டும் திறக்காதே. ஒட்டு விட்டிருக்கும், கை வைத்தால் கிழிந்துவிடும்.

உன் கல்யாண விஷயம் படித்தேன். நான் வந்து பேசினால் காரியம் கெடும். படிப்பில் கவனம் வை.

குமரேசன்

*

ஆரணி
9 டிசம்பர் 2024

பெரியப்பாவுக்கு,

வெட்டியது மாட்டு வண்டிக்காரன்தான். சாவி பத்திரமாக இருக்கிறது. எல்லாவற்றையும் நிமிர்த்திவிட்டேன்.

பெட்டியில் பிளேயர் இருக்கிறது, ஆனால் ஊசி இல்லை. அதனால் ஒரு பாட்டுகூட நான் கேட்டதில்லை. உள்ளே வெள்ளைக் காகிதத்தில் பாட்டு வரிகள் அச்சடித்திருக்கிறார்கள். டிக்‌ஷனரி வைத்துக்கொண்டு அவற்றைப் படிக்கிறேன். ஆங்கில மிஸ் "எங்கடி கத்துக்கினே இந்த வார்த்தையெல்லாம்?" என்று கேட்கிறார்.

எனக்குத் துணி துவைக்கிறவள்தான் முதலிடம். ஒரு பாட்டில் அவள் ஸ்டேஷனில் நிற்கிறாள். ரயில் வருகிறது, அவள் ஏறவில்லை. அடுத்த ரயிலும் வருகிறது, ஏறவில்லை. ஏன் என்று பாட்டில் இல்லை. குணசுந்தரி அக்காவை நினைத்துக்கொண்டேன். அக்காவின் ப்ளஸ் டூ ஹால் டிக்கெட் இன்னும் பீரோவில் இருக்கிறது. பரீட்சைக்குப் பத்து நாள் முன்னால் அவளுக்குக் கல்யாணம் ஆனது. "எழுதியிருந்தா மட்டும் இன்னா, கலெக்டரா ஆயிருப்பேனா?" என்று சிரிப்பாள். ஆனால் வரும்போதெல்லாம் பீரோவைத் திறந்து அதைப் பார்த்துவிட்டுத்தான் போகிறாள்.

நீங்கள் வந்தால் காரியம் ஏன் கெடும்? அப்பா உங்களைப் பற்றிப் பேசுவதே இல்லை. திட்டுவதுகூட இல்லை. கோபமில்லாத ஆளிடம் பேசலாமே. பொங்கலுக்கு முன்னால் வாருங்கள். உங்களுக்குப் போன் நம்பர் இருந்தால் எழுதுங்கள், சங்கீதாவின் போனில் பேசுகிறேன்.

அபிதா

*

பெங்களூரு
20 டிசம்பர் 2024

அபிதா,

போன் இல்லை. இருந்தாலும் பயனில்லை. முப்பது வருஷம் பவர்லூம் ஷெட்டில் நின்று எனக்கு இரண்டு காதும் போய்விட்டது. எதிரே ஆள் கத்தினால் வாய் அசைவது தெரியும், அவ்வளவுதான்.

அதனால் ஒன்று கேட்கிறேன். தட்டுகள் எனக்கு வேண்டாம். கேட்கிற காது இல்லை. ஆனால் அட்டையைக் கண்ணால் பார்த்தால் போதும், பாட்டு முழுவதும் தலைக்குள் ஓடும் என்று நினைக்கிறேன். வயதாகிறது, வரவர மறந்துகொண்டு வருகிறது. ஏணி ஏறும் மீனில் மூன்றாவது பாட்டு எப்படித் தொடங்கும் என்று நேற்று ராத்திரி வரைக்கும் யோசித்தேன், வரவில்லை.

அட்டைகளை மட்டும் எடுத்துக் கட்டி, உன் தோழி வழியாகப் பார்சலில் அனுப்பிவிடு. முதலில் பச்சைக் கதவு. வேணுவுக்குத் தெரியவே கூடாது.

அது முடியட்டும். மற்றதைப் பிறகு பேசுவோம்.

குமரேசன்

*

ஆரணி
6 ஜனவரி 2025

பெரியப்பாவுக்கு,

உங்கள் கடிதம் அப்பாவிடம் மாட்டிக்கொண்டது.

அதை ஏழாமிடத்து அட்டைக்குள் வைத்திருந்தேன். இன்னொரு டிசைன் அட்டை கிழிந்தது என்று சக்கரவர்த்தி அண்ணன் நான் பள்ளியில் இருக்கும்போது பெட்டியைத் திறந்திருக்கிறார். கடிதம் கீழே விழுந்திருக்கிறது. அவர் கெட்டவர் இல்லை. அப்பாவிடம் கொடுக்க வேண்டியதுதானே என்று கொடுத்துவிட்டார்.

நான் வீட்டுக்குள் நுழையும்போது அப்பா தறிக்குழியில் உட்கார்ந்திருந்தார். தறி ஓடவில்லை. "எத்தினி அட்டை குடுத்தே இதுவரைக்கும்?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. ரெக்கார்டு அட்டை என்று நினைத்துக்கொண்டு, "இன்னும் ஒண்ணும் அனுப்பலப்பா" என்றேன். அவர் முகம் அப்படியே மாறிவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. டிசைன் அட்டை, ரெக்கார்டு அட்டை, நாம் இரண்டையும் அட்டை என்றுதானே சொல்கிறோம். அட்டைகளை எடுத்து அனுப்பு, வேணுவுக்குத் தெரியக் கூடாது. அதை அவர் எப்படிப் படித்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். இந்த முகூர்த்த சீசனுக்குப் போட்ட புது டிசைன் முழுவதும் தறி மேல்தான் இருக்கிறது.

"ரெக்கார்டு அட்டைப்பா, பெரியப்பாக்குக் காது கேக்காது, படத்தைப் பாக்கத்தான்" என்றேன். "பாட்டுன்னு அவன் எழுதினதும் சாக்குதான். காது கேக்காதவனுக்குப் பாட்டு அட்டை எதுக்குடி? பொய் சொல்றதுன்னா கொஞ்சம் பொருந்தச் சொல்லு" என்றார். அடிக்கவில்லை. அம்மாவைக் கூப்பிட்டு, "ரேணுகா, இவ ரத்தத்துலயே இருக்குது" என்று மட்டும் சொன்னார்.

மறுநாளிலிருந்து பள்ளி இல்லை. நோட்டு கொடுக்க என்று சங்கீதா வருகிறாள், அவளிடம்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பிப்ரவரி பன்னிரண்டு எனக்குப் பதினெட்டு முடிகிறது. கல்யாணத்தை முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள், பதினாறாம் தேதி முகூர்த்தம். பதினெட்டு முடிந்தால் யாரும் வந்து கேட்க முடியாதாம். பரீட்சை மார்ச் மூன்று.

பெரியப்பா, எனக்குக் கல்லூரிகூட வேண்டாம். பரீட்சை எழுதினால் போதும். அப்பாவுக்கு நீங்களே ஒரு கடிதம் எழுதுங்கள். நான் கேட்டது பாட்டு அட்டை, இவளுக்கு வேறு ஒன்றும் தெரியாது என்று எழுதுங்கள். இரண்டு வரி போதும். கார்டைக் கிழிப்பார்தான். ஆனால் நீங்கள் நேரில் வந்து சொன்னால் கிழிக்க முடியாது.

நோட்டுக்குக் கீழே மறைத்து வைத்து எழுதுகிறேன். கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.

அபிதா

*

பெங்களூரு
14 ஜனவரி 2025

அபிதா,

படித்த கடிதத்தைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டாமா? அதை எதற்குப் பத்திரப்படுத்தினாய்? அதுவும் ஏழாமிடத்தில்.

இந்த வரியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும். நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியட்டும்.

நான் சொன்னால் வேணு நம்ப மாட்டான். காரணம் இருக்கிறது. எழுபத்தொன்பதில் எங்கள் அப்பா ஒரு டிசைன் போட்டார். திரும்பிப் பார்க்கிற மயில். தானே கிராப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பி, எட்டு மாதம். அந்த அட்டைகளை நான் காஞ்சிபுரத்து வியாபாரி ஒருவருக்கு விற்றேன். அந்தப் பணத்தில்தான் பிளேயர் வந்தது. பச்சைக் கதவும் வந்தது. எங்கள் தறியில் ஒரு புடவைகூட இறங்குவதற்கு முன்னாலேயே மயில் காஞ்சிபுரத்திலிருந்து கடைக்கு வந்துவிட்டது. நான்தான் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. வேணுவுக்கு அப்போது பதினான்கு வயது. என் பைக்குள் பணத்தைப் பார்த்தவன் அவன். அப்பா அதற்குப் பிறகு கிராப் தாளைத் தொடவில்லை.

நான் ஒப்புக்கொள்ளவும் இல்லை. வேணு என்னைத் திருடன் என்றான், நான் அவன் கன்னத்தில் அடித்துவிட்டுப் பஸ் ஏறினேன். இப்போது நான் வந்து, அட்டை என்றால் பாட்டு அட்டை என்று சொன்னால் அவன் என்ன செய்வான் என்று நினைக்கிறாய்?

என்னால் முடியாது, அம்மாடி. பெட்டியை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்.

குமரேசன்

*

ஆரணி
23 ஜனவரி 2025

பெரியப்பாவுக்கு,

நீங்கள் வர மாட்டீர்கள் என்றதும் நானே நிரூபிக்கலாம் என்று பார்த்தேன். பெட்டியை இழுத்துக்கொண்டுபோய் அப்பா முன்னால் திறந்தேன். ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். இது மீன், இது நாற்காலி, பெரியப்பா இப்படித்தான் பேர் வைத்திருக்கிறார், பத்து இடம் போட்டு வைத்திருக்கிறார் என்று நீங்கள் எழுதியதை எல்லாம் சொன்னேன். இரண்டாமிடத்து இருமலைக்கூடச் சொன்னேன். அப்பா கேட்டுக்கொண்டிருந்தார், பெரியப்பா. உண்மையாகவே கேட்டுக்கொண்டிருந்தார். "சனியன், ராவெல்லாம் போட்டு உயிரை வாங்குவான்" என்று ஓரிடத்தில் லேசாகச் சிரித்தார்.

"எல்லாத்துக்கும் ஒசத்தி இதுதான்" என்று பச்சைக் கதவை அவர் கையில் கொடுத்தேன். நீங்கள் சொன்ன மாதிரி ஒட்டு விட்டிருந்தது. அதை அவர் திருப்பியபோது உள்ளேயிருந்து நாலாக மடித்த தாள் விழுந்தது.

கிராப் தாள். பென்சிலில் கட்டம் கட்டமாக நிரப்பிய மயில். கழுத்தைத் திருப்பி வாலைப் பார்க்கிறது. ஓரத்தில் தாத்தாவின் கையெழுத்து.

அப்பா அழுது நான் பார்த்ததில்லை. அந்தத் தாளை முகத்தில் வைத்துக்கொண்டு சத்தமாக அழுதார். தாத்தா சாகும்வரை வீடு முழுவதும் தேடியது இதைத்தானாம். சக்கரவர்த்தி அண்ணன் தறியிலிருந்து இறங்கி ஓடி வந்தார்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "இதைத்தான்டி கேட்டான். மொதல்ல பச்சைக் கதவுன்னு எழுதியிருந்தானே, இதுக்குத்தான். நீ எடுத்துக் குடுக்க இருந்தே" என்றார்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். உங்கள் முதல் கடிதம் நினைவுக்கு வந்தது. அதை மட்டும் திறக்காதே என்று எழுதியிருந்தீர்கள். ஒட்டு விட்டிருக்கும் என்று எழுதியிருந்தீர்கள். நான் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் கேட்டது எந்த அட்டையை, பெரியப்பா?

அபிதா

*

பெங்களூரு
17 பிப்ரவரி 2025

அபிதா,

நேற்று நான் ஆரணிக்கு வந்தேன்.

உன் கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்ல வரவில்லை. நேரில் சொல்லலாம் என்று புறப்பட்டேன். பதினைந்தாம் தேதியே வந்திருக்க வேண்டும், சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். ராத்திரி மறுபடியும் போய் ஏறினேன். விடிகாலையில் பேனரில் உன் பேரைப் பார்த்து, மண்டபத்துக்கு எதிரே டீக்கடையில் நின்றேன். வாசலில் நாதஸ்வரக்காரர்கள் கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தார்கள். மேளக்காரர் கை பறந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வேணு வெளியே வந்து யாரையோ கும்பிட்டு வரவேற்றான். அப்படியே எங்கள் அப்பா. ரோட்டைத் தாண்டினால் இருபது அடி.

முகூர்த்தம் முடிந்து உங்களைக் காருக்கு அழைத்துவந்தார்கள். உன்னை அப்போதுதான் பார்த்தேன். தலையைக் குனிந்திருந்தாய், முகம் தெரியவில்லை. முந்தானை தெரிந்தது. திரும்பிப் பார்க்கிற மயில். நாற்பத்தைந்து வருஷம் கழித்து.

நான் கிராப் தாளைத் திருடியது விற்க இல்லை. வியாபாரி அட்டைகளைத்தான் கேட்டார். அப்பா கையால் போட்டது என்பதால் அதைக் கொடுக்கவும் மனசில்லை, திருப்பி வைக்கவும் தைரியமில்லை. இருப்பதிலேயே நல்ல அட்டைக்குள் வைத்தேன். உனக்கு எழுதும்போது அது உள்ளே இருப்பது எனக்கு நினைவிருந்தது. பாட்டுக்காகக் கேட்டேனா, அதற்காகக் கேட்டேனா என்றால், இரண்டுக்கும்தான். எது எவ்வளவு என்று எனக்கே தெரியாது. நீ மாட்டிக்கொள்வாய் என்று மட்டும் நினைக்கவில்லை. உன்னைப் பற்றி நான் நினைக்கவே இல்லை, அதுதான் உண்மை.

ரெக்கார்டுகள் என்ன ஆயின என்று கேட்க எனக்கு முகமில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

உன் பெரியப்பா

*

போளூர்
2 மார்ச் 2025

பெரியப்பாவுக்கு,

சங்கீதா வந்திருந்தாள். உங்கள் கடிதத்தைப் பாத்திரம் கழுவுகிற இடத்தில் வைத்துப் படித்துவிட்டு அவளிடமே கொடுத்துவிட்டேன். கிழித்துவிடச் சொன்னேன். இப்போது எனக்குப் பழகிவிட்டது.

ரெக்கார்டுகளைக் கேட்டிருந்தீர்கள். அந்த மயிலுக்கு அப்பா புதிதாக அட்டை குத்த வேண்டியிருந்தது. "அவன் அட்டையிலயே குத்து. பொண்ணுக்குப் பெரியப்பன் வைக்கற சீரா இருக்கட்டும்" என்று சக்கரவர்த்தி அண்ணனிடம் சொன்னார். மீதியிருந்த எல்லா அட்டையையும் வெட்டினார்கள். மீன், நாற்காலி, பல்லில் சாவி, எல்லாம் நீள நீளத் துண்டாகத் தறிக்கு மேல் இருபது நாள் சுற்றின. நான் தினமும் கீழே உட்கார்ந்து ஊடைக்குத் தார்க்கட்டையில் நூல் சுற்றிக்கொண்டே பார்த்தேன். ஒவ்வொரு மிதிக்கும் ஒரு துண்டு. துணி துவைக்கிறவளின் கை ஒரு துண்டில், தண்ணீர் ஒரு துண்டில். அவள் முகம் எதிலும் சரியாக வரவில்லை. தட்டுகளைப் பழைய சாமான்காரர் எடுத்துக்கொண்டு போனார்.

புடவை நன்றாக இருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள்.

நீங்கள் எதிரே நின்றீர்கள் என்று படித்தேன். காருக்குப் போகும்போது நான் இரண்டு தடவை நிமிர்ந்து பார்த்தேன். வருவீர்கள் என்று அல்ல. யாராவது இருக்கிறார்களா என்று.

சங்கீதா என் ஹால் டிக்கெட்டை வாங்கி வந்து கொடுத்தாள். அக்காவிடம் சொல்லவில்லை. நாளை தமிழ் முதல் தாள். அவள் ஏழரை பஸ்ஸுக்குப் போவாள். எனக்கு ஏழரைக்கு இந்த வீட்டில் இட்லி ஊற்ற வேண்டும்.

மறுவீட்டுக்குப் போனபோது சக்கரவர்த்தி அண்ணன் யாருக்கும் தெரியாமல் ஒரு துண்டு அட்டையை என் கையில் வைத்தார். "ஒண்ணு தப்பிச்சிக்கினு இருந்துது பாப்பா" என்றார். பச்சைக் கதவின் துண்டு. கைப்பிடி இருக்கிறது, கீழே கொஞ்சம் கடல் இருக்கிறது, மற்றதெல்லாம் ஓட்டை. இதோடு வைத்திருக்கிறேன்.

நீங்கள் கேட்ட அட்டை. இதைப் பார்த்தால் அந்தப் பாட்டு தலைக்குள் ஓடுகிறதா என்று எனக்கு எழுத வேண்டாம். இந்த வீட்டில் எனக்குத் தபால் வரக் கூடாது.

அபிதா